அரைப் பேர்

மலையில் பேர் என்றால் ஒரு நாள்.
கிலோ நிறைந்தால் முழுப் பேர்,
குறைந்தால் அரைப் பேர்.
தெரியாமல் இல்லை எனக்கு.
கொழும்பில் பதினொரு வருடம்
நான் எழுதிய வரைவுகளில்
பேர் என்றால் ஆள்சார் தரவு,
பிரிவு இரண்டு, உபபிரிவு ஏதோ ஒன்று.

ஹட்டனில் இப்போது அறை.
கீழே ரொட்டிக் கடை,
கொத்துச் சத்தத்துக்கு நடுவில்தான் ஆலோசனை.
பலகையில் பெயிண்டர் எழுதித் தந்தான்:
தரவுப் பாதுகாப்பு, இணையக் குற்றம்,
செயற்கை நுண்ணறிவு.
'நுண்' என்பதில் சுழி ஒன்று கூட.
முதல் மாதம் வந்தவர்கள்
காணி உறுதி கேட்டார்கள்,
விவாகரத்து கேட்டார்கள்.
ஒருவர் போனை நீட்டி, சத்தம் வருதில்லை என்றார்.
திருத்திக் கொடுத்தேன்.

ஜூன் மழையில்
பன்னீர்ச்செல்வி வந்தார்,
சம்பளத் துண்டை ஷொப்பிங் பையில் நாலாய் மடித்து.
வேலை செய்தது பத்தொன்பது நாள்.
விழுந்தது பதினொரு பேர்.

"மடுவத்தில பெட்டி ஒண்ணு வச்சிருக்காங்க மிஸ்.
பெருவிரல வச்சா பச்ச லைட்டு,
நன்றின்னு ஒரு பொம்பள சொல்லும்.
எனக்குச் செவப்பு.
தொடச்சு வச்சேன், ஊதி வச்சேன்,
மத்தக் கையயும் வச்சேன்.
பக்கத்துல கணக்கெழுதுற புள்ள நிக்குது,
எங்க லயத்துப் புள்ளதான்.
அக்கா, எனக்கு ஒங்களத் தெரியும்,
பெட்டிக்குத் தெரியலயே, அப்டிங்குது."

விரலைப் பார்த்தேன்.
இருபத்தாறு வருடக் கொழுந்துச் சாறு
ரேகைகளைத் தின்று முடித்திருந்தது,
கறுப்பாய், வழவழப்பாய்,
ஓடும் ஆற்றில் கிடந்த கல்.

பெட்டி விற்ற நிறுவனத்துக்குக் கடிதம் போட்டேன்:
யாருடைய விரல்களைக் காட்டிப்
பழக்கினீர்கள் இதை?
ஆறு வாரம் கழித்துப் பதில்.
தங்கள் ஊழியர்கள் நாற்பது பேர், சகலரும் தன்னார்வலர்கள்,
துல்லியம் தொண்ணூற்றொன்பது வீதம்.
அந்த மிச்ச ஒரு வீதம்
என் முன்னால் உட்கார்ந்து
பிளேன்டீயில் பிஸ்கட் தோய்த்துக்கொண்டிருந்தது.

தொழில் நியாய சபை.
எதிர்த்தரப்பு எழுந்து
ஆர் மூன்று என அடையாளமிட்ட
ஆவணத்தை நீட்டியது: சம்மதப் பத்திரம்.
'நோக்கத்தை வாசித்து, விளங்கி,
எவ்வித வற்புறுத்தலுமின்றி,
சுயவிருப்பின் பேரில்...'

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.
அந்தக் காற்புள்ளிகளை எனக்குத் தெரியும்.
ஒரு வங்கிக்காக, இரவு பதினொன்றுக்கு,
ஆறிப்போன சோற்றுப் பார்சல் பக்கத்தில் இருக்க
நான் கட்டிய வாக்கியம் அது.
யார் கையிலிருந்து யார் கைக்குப் போய்
இந்த மலை ஏறிற்றோ.
யாராலும் உடைக்க முடியாது என்று
அன்று சீனியர் தோளில் தட்டினார்.

கீழே, ஒப்பமிடும் இடத்தில்,
ஊதா மை. பெருவிரல்.
வட்டமில்லை, வரியில்லை, சுழியில்லை,
வெறும் ஒரு பொட்டு.

"கனம் தலைவர் அவர்களே,
எதிர்த்தரப்பே சமர்ப்பித்த இந்தச் சாட்சியை
ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.
பெட்டி வாசிக்க முடியாத விரலைத்தான்
சம்மதம் என்று வாசித்திருக்கிறார்கள்."

கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டு
நெடுநேரம் பார்த்தார் தலைவர்.
பிறகு தவணை.
அடுத்த மாதம் இருபத்திரண்டு.

படியில் கேட்டேன்,
கையெழுத்துப் போடத் தெரியாதா?
"எட்டாம் வகுப்பு மட்டும் படிச்சேன் மிஸ்.
பேனா யாரும் தரல."
அந்த வாக்கியத்தை எழுதியது நான்தான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவர் கேட்டுவிட்டார்:
"எங்க வெரலெல்லாம் இப்ப எங்க மிஸ் இருக்கு?"
சிங்கப்பூரில், ஒரு கணினியில்.
"பாஸ்போட்டு இல்லாமலா?"
சிரித்தார். எனக்கு வரவில்லை.

பனி இறங்கி
பஸ்ஸின் பலகை தெரியவில்லை.
நடத்துனரிடம் கேட்டு ஏறினார்.
ஏறியவர் திரும்பி,
மறந்த சாமானைச் சொல்வதுபோல,
"இன்னைக்கும் பேர் இல்ல மிஸ்" என்றார்.